மண்ணிடம் அடகு வைத்த உலோகம்

ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் அரை மணி நேரம் நின்றால், கார் ஏற்றிய நீள லாரிகளுக்கும் ஷிப்ட் பேருந்துகளுக்கும் நடுவே மண் ஏற்றிய டிப்பர்கள் போவதைப் பார்க்கலாம். எங்கோ ஒரு மேட்டைக் கரைத்து எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போகிற சிவப்புக் கிராவல். நெல் விளைந்த தாழ்ந்த நிலத்தில் ஷெட் எழ வேண்டுமானால் முதலில் தரை உயர வேண்டும். அதற்குக் கிராவல், அது கட்டுப்படியாகாவிட்டால் ஏரிச் சவுடு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் தொழில் வரலாற்றை, 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வந்தது, 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது, 2012ல் டைம்லர் வந்தது என்று கம்பெனிப் பெயர்களை அடுக்கிச் சொல்வதே வழக்கம். எத்தனை லோடு மண் எங்கிருந்து எங்கே போனது என்று எழுதினாலும் அதே வரலாறு கிடைக்கும்.

அந்த மண்ணுக்கு ஒரு வேலை உண்டு. ஈயம், துத்தநாகம், நிக்கல், குரோமியம், காட்மியம் என்று நாம் கன உலோகங்கள் என்கிறவை மேலே விழுந்தால் அவற்றைப் பிடித்து வைப்பது. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமாகத்தான் பதில் வருகிறது. “மண்தானே, எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்” என்பது ஒன்று. “மண்ணே விஷமாகிவிட்டது” என்பது இன்னொன்று. இரண்டுமே அரைகுறை. மண் உலோகத்தை அடகு பிடிக்கிறது என்பதே சரி. அடகு வைத்த நகை கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. உரிய தொகையோடு யாராவது வந்தால் மீட்டுக்கொண்டு போகலாம். இந்தக் கடையில் செல்லுபடியாகும் தொகை அமிலம், உப்பு, தேங்கிய தண்ணீர். எந்த மண் எந்த உலோகத்தை எந்தத் தொகைக்குத் திருப்பித் தரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கிராவலை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் அலசினால் பட்டாணி அளவில் உருண்டைக் கற்கள் மிஞ்சும். ஒன்றைச் சுத்தியலால் உடைத்தால் உள்ளே வெங்காயம் போல வளையம் வளையமாக இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு வளையம் கோயதைட், ரத்தச் சிவப்பு ஹெமடைட். இரண்டும் இரும்புத் துருவின் வகைகள்தாம். சில கற்களின் விரிசலில் மை தீட்டியது போலக் கறுப்பாக ஒரு பூச்சு தெரியும். அது மாங்கனீசு ஆக்சைடு. நம் ஊரில் இந்தக் கல்லுக்குத் துருக்கல், செம்புரைக்கல் என்று பெயர். மலபாரின் அங்காடிபுரத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807ல் வெளியான நூலில், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து ‘லாட்டரைட்’ என்று பெயர் வைத்தார். 1863ல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பிறகு சென்னையைச் சுற்றி ஆராய்ந்ததும் பெரும்பாலும் இந்தச் செம்புரை மண்ணைத்தான். லட்சக்கணக்கான ஆண்டு மழையும் வெயிலும் பாறையிலிருந்து கரையக்கூடியதையெல்லாம் கரைத்துவிட்டு, கரையாத இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் விட்டுப் போன எச்சம் அது.

மண் பிடித்து வைக்கும் என்பதை அறிவியல் கண்டுகொண்டதே எருக்குழிக் கவலையில்தான். 1840களில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த தாம்சன் என்ற பண்ணையார், மண் நிரப்பிய குழாயில் அமோனிய உப்புக் கரைசலை ஊற்றிப் பார்த்தார். அமோனியா மண்ணில் தங்கிவிட்டது. கீழே வேறு உப்பு வடிந்தது. ஜான் தாமஸ் வே என்ற வேதியியலாளர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1850ல் வெளியிட்டார். மண் ஒன்றை வாங்கிக்கொண்டால் இன்னொன்றை வெளியே விடுகிறது என்பதே அவர் கண்டது. இன்று அதை அயனிப் பரிமாற்றம் என்கிறோம்.

இந்தப் பரிமாற்றம் கொஞ்சம் தளர்வான பிடி. களிமண் தகடுகளின் மேல் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. நேர் மின்னேற்றம் உள்ள உலோக அயனிகள், சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு, அதன் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அதிக அளவில் கால்சியமோ சோடியமோ வந்தால் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகும். இரும்பு ஆக்சைடு பிடிப்பது வேறு வகை. உலோக அயனி தன் தண்ணீர்ப் போர்வையை உதறிவிட்டு ஆக்சைடின் ஆக்சிஜனோடு நேராக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. வெறும் உப்புக் கரைசலால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. ஈயமும் செம்பும் சீக்கிரம் முடிச்சுப் போடும், துத்தநாகம் தயங்கும், காட்மியம் இன்னும் தயங்கும். ஊர்க் கிணற்றில் முதலில் எதைத் தேட வேண்டும் என்று கேட்டால், ஈயத்துக்கு முன்னால் காட்மியத்தை என்று சொல்வதற்கு இந்த வரிசையே காரணம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003.

பிடிக்க இடம் எவ்வளவு இருக்கிறது? புதிதாக உருவான இரும்புத் துரு ஒரு கிராமில் 200 சதுர மீட்டருக்கு மேல் மேற்பரப்பு உண்டு. இந்த வட்டாரத்து மனை விளம்பரங்களின் கணக்கில் சொன்னால் ஒரு கிராம் துருவில் சுமார் ஒரு கிரவுண்டு. ஆர்சனிக் கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்ய சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழு உருவாக்கிய ‘அம்ரித்’ வடிகட்டியில் வேலை செய்வதும் இரும்பு ஆக்சைடின் இந்தப் பரப்புதான். கரக்பூர் ஐஐடியில் சிர்சேந்து தே குழு செம்புரைக்கல்லையே பக்குவப்படுத்தி வடிகட்டி செய்தது. ஆய்வகத்தில் காசு கொடுத்துச் செய்வதை நாம் இங்கே லோடு கணக்கில் அள்ளிப் பள்ளத்தில் கொட்டுகிறோம்.

இதோடு நிறுத்தினால் ஒரகடத்து மண் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வந்துவிடலாம். சிக்கல் பி.எச். என்ற எண்ணில் இருக்கிறது. ஆக்சைடுப் பரப்பின் மின்னேற்றம் நிலையானதல்ல. சுற்றியுள்ள நீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்து மாறும். கோயதைட்டும் ஹெமடைட்டும் பி.எச். 7லிருந்து 9க்குள் எங்கோ ஓரிடத்தில் நடுநிலைக்கு வருகின்றன. அதற்குக் கீழே நேர் மின்னேற்றம், மேலே எதிர் மின்னேற்றம். ஓர் உலோகம் ஏறக்குறைய எதுவும் ஒட்டாத நிலையிலிருந்து முழுதும் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு மாற, பி.எச். ஒன்றிரண்டு அலகு நகர்ந்தால் போதும். பேட்டரி அமிலம் சிந்திய ஒரு மூலை, முலாம் பூசும் பட்டறையின் கழுவுநீர் தேங்கிய ஒரு குழி, அந்த இரண்டு அலகைச் சுலபமாகக் கீழே இறக்கிவிடும்.

பாடப் புத்தகங்களில் ‘வெப்பமண்டல மண்’ என்று தேடினால் பிரேசிலின் சிவந்த, அமிலம் ஊறிய மண்தான் பெரும்பாலும் வரும். அதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் ஒரே கிராமத்தில் மேட்டில் செம்புரை, சரிவில் செம்மணல், பள்ளத்தில் ஏரிக் களி என்று மூன்று மண் இருக்கும். மேட்டு மண்ணில் உள்ள கயோலினைட் களியின் பரிமாற்றத் திறன் கிலோவுக்கு 3 முதல் 15 சென்டிமோல்தான். அதன் பலமெல்லாம் இரும்பு ஆக்சைடில். கோடையில் வெடித்துப் பிளந்து, மழையில் ஊதிப் பெருக்கும் ஏரிக் களியில் ஸ்மெக்டைட் வகை இருக்கும். அதன் திறன் 80 முதல் 120. அது பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்த மண்ணும்கூட. ஆகவே கிராவல் பிடிக்கிற விதமும் களி பிடிக்கிற விதமும் வேறு. ஒன்றின் மேல் ஒன்றைக் கொட்டிய பிறகு, தொழிற்பேட்டையின் தரை என்ன மண் என்று எந்தப் பழைய மண் வரைபடமும் சொல்லாது.

களி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதற்கு ஆய்வகம் போக வேண்டாம். நெல் விவசாயியைக் கேட்டால் போதும். நாற்று நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப் புள்ளி விழுந்து பயிர் குன்றினால் ‘சிங்க் குறை’ என்று ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவுவார். 1966ல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே, ‘கைரா’ என்று அழைக்கப்பட்ட இந்த நோய்க்குக் காரணம் கிருமி இல்லை, துத்தநாகப் பற்றாக்குறை என்று கண்டார். மண்ணில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, பயிருக்குக் கொடுக்காமல் மண் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தூவியதிலும் பெரும்பகுதியை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். வரப்புக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. லாரி டயரின் ரப்பரில் துத்தநாக ஆக்சைடு உண்டு, ஷெட் கூரையின் தகட்டில் துத்தநாகப் பூச்சு உண்டு, கார் உடலுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் போடும் பாஸ்பேட் குளியலில் துத்தநாகத்தோடு நிக்கலும் மாங்கனீசும் உண்டு. குளியலின் அடியில் தங்கும் வண்டல் அபாயக் கழிவு. அதற்குக் கும்மிடிப்பூண்டியில் பொதுக் கழிவுக் கிடங்கு இருக்கிறது. தேய்ந்த டயர்த் தூளுக்கும் கூரையிலிருந்து வடியும் மழைநீருக்கும் கிடங்கு கிடையாது. வரப்புக்கு ஒரு பக்கம் துத்தநாகம் காசு கொடுத்து வாங்கப்படுகிறது, மறுபக்கம் காசில்லாமல் உதிர்கிறது.

அதே சாலையோரத்தில் இன்னொரு பழைய அடகும் இருக்கிறது. 2000ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. அதற்கு முன் பல பத்தாண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிகளின் புகையில் வந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை. கிளறப்படாத இடத்தில் மேல் மண்ணின் சில அங்குலத்துக்குள்ளேயே கிடக்கும். ஈயத்தைப் பிடிப்பதில் இரும்பையும் மிஞ்சியது அந்தக் கறுப்பு மாங்கனீசுப் பூச்சு. 1980ல் ஆஸ்திரேலியாவின் மெக்கன்சி, சில மாங்கனீசு ஆக்சைடுகள் இரும்பு ஆக்சைடைவிட நாற்பது மடங்கு வரை ஈயத்தைப் பிடிக்கின்றன என்று அளந்து காட்டினார்.

அப்படியானால் மாங்கனீசு நல்ல காவலாளியா? இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம் வருகிறது. தோல் பதனிடும் தொழிலில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அது மண்ணில் இறுகி உட்கார்ந்துவிடும், ஓரளவு சாது. 1979ல் பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மண் வேதியியலாளர்கள், அந்தச் சாதுக் குரோமியத்தை மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு ஆறிணைதிறன் குரோமியமாக மாற்றிவிடும் என்று காட்டினார்கள். ஆறிணைதிறன் வடிவம் புற்றுநோய் தரக்கூடியது. தண்ணீரில் கரைந்து ஓடும். ஈயத்துக்குக் கதவைச் சாத்துகிற அதே கை குரோமியத்துக்குக் கதவைத் திறக்கிறது.

ஆறிணைதிறன் குரோமியம் மண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே எழுபது கிலோமீட்டர் போல போனால் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் தோல் தொழிலுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்து, 1995ல் மூடப்பட்டது. விட்டுப்போனது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு மலை. 2006ல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009ஆம் ஆண்டுக் குறியீட்டில் வேலூர்-வட ஆற்காடு கடுமையாக மாசடைந்த பகுதிகளில் ஒன்று.

செம்மண் ஏன் அதைப் பிடித்து நிறுத்தவில்லை? குரோமேட் எதிர் மின்னேற்றம் கொண்டது. கொஞ்சம் அமிலமான செம்மண்ணின் நேர் மின்னேற்றப் பரப்பு அதைப் பிடிக்கும்தான். ஆனால் குரோமியத் தாதுவைக் காரத்தோடு வறுத்தெடுத்த கழிவு கடும் காரம். அந்தக் காரத் தண்ணீர் இறங்கிய இடத்தில் துருவின் பரப்பு எதிர் மின்னேற்றத்துக்கு மாறி, குரோமேட்டைத் தள்ளிவிடும். ஈயத்தை மீட்க அமிலம் கட்ட வேண்டும்; குரோமேட்டை மீட்கக் காரம். ராணிப்பேட்டையில் பொருளும் மீட்புத் தொகையும் ஒரே கழிவில் சேர்ந்தே வந்தன. ஒரே மருந்து எல்லா உலோகத்துக்கும் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் இல்லை.

  

நம் தாழ்நிலத்துக்கு வருவோம். இது ஏரி நாடு. ஏரியும் வயலும் ஆண்டில் பாதி நாள் தண்ணீருக்கு அடியில், பாதி நாள் வெயிலில். இலங்கையில் பிறந்து பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பொன்னம்பெரும, நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியலைப் பற்றி 1972ல் எழுதியதுதான் இன்றும் இதற்கு அடிப்படைக் கட்டுரை. தண்ணீர் தேங்கியதும் மண்ணில் காற்று தீர்ந்துபோகிறது. நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசு ஆக்சைடையும், அடுத்து இரும்பு ஆக்சைடையும் மூச்சுக் காற்றுக்குப் பதிலாகப் பயன்படுத்துகின்றன. அதாவது உலோகத்தைப் பூட்டி வைத்த பெட்டியையே கரைக்கின்றன. பூட்டப்பட்டது வெளியே வரும். வங்காளத்துக் கிணறுகளில் ஆர்சனிக் வந்த வழியும் இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சேற்றில் நிற்கும் நெற்பயிர் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவினால் ஆரஞ்சு நிறத்தில் துருப் படிந்திருக்கும். கரைந்த இரும்பு, வேர் கசியவிடும் ஆக்சிஜன் பட்டு மீண்டும் துருவாகி வேரைச் சுற்றிப் படிகிறது. கூடவே உலோகங்களில் ஒரு பங்கையும் பிடித்துக்கொள்கிறது. ஏரிக் கரையோரக் குட்டையில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் ‘ஆயில் விட்டுவிட்டார்கள்’ என்று ஊரில் சத்தம் எழும். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைவது போலச் சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்புப் படலம், இயற்கையானது. உடனே கூடி மூடிக்கொண்டால் எண்ணெய்.

காட்மியம் இந்த நாடகத்தில் வில்லன் வேடம் போடுவது கடைசிக் காட்சியில். வயலில் தண்ணீர் நிற்கும்வரை கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாகக் கிடக்கும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டு சல்பைடு உடையும், காட்மியம் கரையும், கதிர் முற்றுகிற நேரத்தில் நெல்மணிக்குள் ஏறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் கழிவுக் காட்மியம் அரிசி வழியாகப் போய் எலும்பை நொறுக்கிய ‘இத்தாய் இத்தாய்’ நோயை 1968ல் அந்நாட்டு அரசு தொழில் மாசு நோயாக ஏற்றது. அங்கே இப்போது கதிர் வரும் காலத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் வயலில் தண்ணீரை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். எப்போது வடிக்கிறோம் என்பதே சோற்றில் என்ன இருக்கிறது என்பதை முடிவு செய்கிறது.

ஆகவே, ‘மண்ணில் குரோமியம் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று தனி ஓர் எண்ணைக் காட்டி அச்சுறுத்துவதோ ஆறுதல் சொல்வதோ எனக்கு ஒப்பவில்லை. செம்புரை மண்ணில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே கூடுதலாக இருக்கக்கூடும். துருவின் படிகத்துக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் யாருக்கும் தீங்கில்லை. அதைவிடக் குறைந்த அளவு தளர்வாக ஒட்டியிருந்தால் ஆபத்து. 1979ல் டெசியர் குழு வகுத்த முறையில் ஒரே மண்ணை ஐந்து கரைசல்களில் அடுத்தடுத்துக் கழுவி, உப்புக்கு எவ்வளவு வருகிறது, லேசான அமிலத்துக்கு எவ்வளவு, துரு கரைந்தால் எவ்வளவு, மக்கு எரிந்தால் எவ்வளவு, கடைசிவரை வராதது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். குறைகள் உள்ள முறைதான். ஒற்றை எண்ணைவிட எவ்வளவோ மேல்.

பிடித்து வைப்பதும் ஓரிடத்திலேயே இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலோகம் களித் துகளை விடாமல் பிடித்திருந்தாலும் துகள் வெள்ளத்தில் போகும். ஐப்பசி கார்த்திகையில் ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தச் செந்நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கி வருகிறது: 3,645 மில்லியன் கன அடி கொள்ளும், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. அங்கே சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் களித் துகளைப் படிய வைக்கும். துகளோடு ஒட்டியதும் படியும். வழியில் உள்ள சிற்றேரிகளுக்கு அப்படி ஒரு நிலையம் இல்லை. சுற்றுப்பட்டு மேட்டு நிலத்தின் கணக்குப் புத்தகம் அவற்றின் அடியில் வண்டலாகச் சேர்கிறது.

அந்த வண்டலைத்தான் இப்போது வயலுக்கு அடிக்கிறோம். ஏரியைத் தூர்வாரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2024லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம், பழைய குடிமராமத்தின் தொடர்ச்சி. தொழிற்பேட்டைக்குக் கீழே உள்ள ஏரிகளில் மட்டும் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஏரிக்குள் காற்றில்லாமல் சல்பைடாகக் கிடந்தது, வயலில் பரப்பி வெயிலில் காயும்போது அப்படியே இருக்குமா? 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கான விதிகளை அறிவித்தது; சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை தர வேண்டும் என்கிறது. ஏரி வண்டல் அந்தப் பட்டியலுக்குள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2015ல் தொடங்கிய மண்வள அட்டை விவசாயிகளிடம் இருக்கிறது. அதில் பன்னிரண்டு அளவுகள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பி.எச்., உப்பின் அளவு, கரிமம். துத்தநாகம் குறைவா என்று அது கேட்கிறது. கூடுதலா என்று கேட்பதில்லை. ஈயம், காட்மியம், நிக்கலுக்குக் கட்டமே இல்லை. துத்தநாகத்தை அளக்க மண்ணை டிடிபிஏ என்ற கரைசலில் குலுக்கி வடிகட்டி, அணு உறிஞ்சல் கருவியில் வைக்கிறார்கள். அதே கரைசல் ஈயத்தையும் காட்மியத்தையும் நிக்கலையும் சேர்த்தே இழுத்து வந்துவிடுகிறது. வடிகட்டிய தண்ணீர் அதே குப்பியில் இருக்கிறது, கருவியும் அதுவே. ஒவ்வொரு உலோகத்துக்கும் கருவியில் ஒரு விளக்கை மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து ஏரி வண்டலுக்காவது, அந்த மூன்று விளக்குகளையும் வாங்கிப் போடுங்கள்.